தில்லி – சென்னை விமானம்: தூரம், நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறேன். ஆபீசில் எல்லாருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. அதிலிருந்து மலை மந்திர் முருகன் கோயில் வரிசையில் நின்றாலும், தமிழ்ச் சங்கத்தில் நாடகம் பார்க்கப் போனாலும், யாராவது ஒருவர் "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிக்கிறார். சந்தேகங்கள் பெரும்பாலும் அதே பதினெட்டு இருபதுதான். ஒவ்வொரு தடவையும் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

தில்லியிலேர்ந்து சென்னைக்கு விமானத்துல எத்தனை கிலோமீட்டர்?

சுமார் 1,760 கி.மீ. பாலம் என்ற பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் வரை, பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம் அது.

இணையத்தில் தேடினால் 1,094 என்றும் வரும், 951 என்றும் வரும். மூன்றும் ஒரே தூரம்தான். 1,094 என்பது சாதாரண மைல், 951 என்பது நாட்டிகல் மைல். விமானிகள் கணக்குப் போடுவது நாட்டிகல் மைலில்; ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. இன்னும் ஐந்து பத்து கிலோமீட்டர் முன்பின் வந்தால், அந்தத் தளம் விமான நிலையத்திலிருந்து அளக்காமல் நகரத்தின் நடுவிலிருந்து அளந்திருக்கும்.

டிக்கெட்ல 2 மணி 50 நிமிஷம்னு போட்டிருக்கு. அவ்வளவு நேரமும் பறக்குமா?

பறக்காது. விமானம் தன் இடத்தைவிட்டு நகர ஆரம்பிக்கும் நொடியிலிருந்து, சென்னையில் போய் நிற்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம் அது. இதற்கு பிளாக் நேரம் என்று பெயர். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொண்டால் கீழே நிறையக் கேள்விகளுக்கு உதவும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக் குறித்து வைப்பேன். ஒரு பயணத்தின் குறிப்பு இது: நகர ஆரம்பித்தது 6:12, சக்கரம் தரையைவிட்டது 6:34, சென்னையில் சக்கரம் தொட்டது 8:54, நின்றது 9:03. மொத்தம் 2 மணி 51 நிமிடம். அதில் ஆகாயத்தில் இருந்தது 2 மணி 20 நிமிடம்தான். மீதி அரை மணி நேரம் தரையில் உருண்டது. கேப்டன் மைக்கில் "இன்றைய பயண நேரம் 2 மணி 20 நிமிடம்" என்று சொல்வதும், டிக்கெட்டில் 2:50 இருப்பதும் இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அப்போ 6:10 புறப்பாடுன்னா 6:10-க்கு மேலே ஏறிடாதா?

ஏறாது. 6:10-க்கு டிராக்டர் மாதிரி ஒரு வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும். அது நடந்தாலே சரியான நேரத்துக்குக் கிளம்பியதாகக் கணக்கு.

மணிக்கு 840 கிலோமீட்டர் வேகம்னா, 1,760-ஐ வகுத்தா ரெண்டு மணி ஆறு நிமிஷம்தானே? உங்க குறிப்புலயே 2:20 இருக்கே, மீதி 14 நிமிஷம் எங்கே போச்சு?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடமாட்டார். வகுத்தல் சரிதான் சார், ஆனால் 840 என்பது உச்சியில் போகும் வேகம். ஏறும் முதல் இருபது நிமிடம் அந்த வேகம் கிடையாது. இறங்குவது சென்னைக்கு ஏறத்தாழ 200 கி.மீ. முன்னாலேயே தொடங்கிவிடும், 10,000 அடிக்குக் கீழே வந்ததும் வழக்கமாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ.க்கு மேல் போவதில்லை.

அப்புறம் அந்த 1,760 என்பது இழுத்துக் கட்டிய நூல். நிஜ விமானம் வானத்தில் குறித்து வைத்த புள்ளி புள்ளியாகப் போகிறது. ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கிய வான்பரப்பு வழியில் வந்தால் சுற்றிப் போகும். தில்லியில் காற்று மேற்கிலிருந்து அடித்தால் விமானம் மேற்கு நோக்கித்தான் ஓடி ஏற வேண்டும், பிறகு தெற்கே திரும்ப வேண்டும். சென்னையிலும் அப்படித்தான்: காற்று கிழக்கிலிருந்து வந்தால் மேற்குப் பக்கமாகவே இறங்கலாம், மேற்கிலிருந்து வந்தால் கடல் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் சில நிமிடம்.

ரயில்ல 2,180 கிலோமீட்டர்னு இருக்கு. விமானத்துக்கு மட்டும் 400 கிலோமீட்டர் எப்படிக் குறைஞ்சுது?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா, குவாலியர், போபால், நாக்பூர், பல்லார்ஷா, விஜயவாடா என்று ஊர் ஊராக வளைந்து போகிறது. விஜயவாடா சென்னையைவிடவும் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அங்கே போய்விட்டுக் கடலோரமாகக் கீழே இறங்க வேண்டும். மலை, ஆறு, பழைய சமஸ்தான எல்லைகள் எல்லாம் தண்டவாளத்தை வளைத்தன. சாலையிலும் ஏறத்தாழ 2,200 கி.மீ. ஆகும். மேலே போகிறவருக்கு இந்த வம்பு எதுவும் கிடையாது.

டிவில காட்டற வரைபடத்துல விமானம் வளைஞ்சு போற மாதிரி கோடு போடறாங்களே, நேராப் போனா என்ன?

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால், குறுகிய வழி வளைவாகத் தெரியும். தில்லி–நியூயார்க் மாதிரிக் கிழக்கு மேற்காக நீண்ட பயணத்தில் வளைவு பிரமாதமாக இருக்கும். நம் வழி கிட்டத்தட்ட நேர் தெற்கு. சென்னை தில்லியைவிட மூன்று டிகிரிதான் கிழக்கே இருக்கிறது. அதனால் ஒரு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாலே போதும்.

வழியில எந்தெந்த ஊர் தெரியும்? எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லது?

நேர்கோடு குவாலியருக்குச் சற்று மேற்கே, போபாலுக்குக் கிழக்கே, நாக்பூருக்கு மேற்கே, ஹைதராபாத்துக்குக் கிழக்கே போகிறது. விமானம் அன்றைக்கு எந்தப் புள்ளிகள் வழியாகப் போகிறதோ அதைப் பொறுத்து ஐம்பது நூறு கிலோமீட்டர் தள்ளியும் போகலாம். எப்படிப் போனாலும் சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா நான்கையும் தாண்டித்தான் ஆக வேண்டும். மழை முடிந்த அக்டோபரில் மேகம் இல்லாத நாளில் பாருங்கள். சம்பல் பள்ளத்தாக்கு காய்ந்து வெடித்த களிமண் மாதிரி கீழே விரிந்து கிடக்கும். கோதாவரி அகலத்தில் ஏமாற்றாது.

பக்கம் என்றால் வெயிலைத்தான் பார்க்க வேண்டும். சென்னைக்குப் போகும்போது இடது பக்கம் கிழக்கு. காலை விமானத்தில் இடது ஜன்னலில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரமும் முகத்தில் சூரியன். காலையில் போனால் வலது பக்கம், அதாவது எஃப் வரிசை; மாலையில் போனால் இடது பக்கம், ஏ வரிசை. திரும்பி வரும்போது அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். இதை நான் சொல்லி, ஒரு மாமா தப்பாக மாற்றிக்கொண்டு, கைக்குட்டையைத் தலையில் போட்டபடி வந்து சேர்ந்தார். இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

போறப்போ சீக்கிரம் போயிடறது, வர்றப்போ லேட்டாறது. காத்துதானே காரணம்?

பாதிதான் காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. மணிக்கு 150 கி.மீ., சில நாள் அதற்கும் மேல். தில்லியிலிருந்து கல்கத்தா போகிறவர்களுக்கு இது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். அந்த வழியில் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் இருபது முப்பது நிமிட வித்தியாசம்கூட வரும்.

நம் வழியோ வடக்கு தெற்கு. காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. பாதை பத்து டிகிரி கிழக்கே சாய்ந்திருப்பதால், போகும்போது கொஞ்சம் தள்ளிவிடும், வரும்போது கொஞ்சம் பிடித்திழுக்கும். 150 கி.மீ. காற்றுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாக்பூருக்கு வடக்கே மட்டும் அந்தக் காற்று இருந்தால் வித்தியாசம் நாலைந்து நிமிடம். மழைக்காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, இன்னும் உயரத்தில், கிழக்கிலிருந்து ஒரு ஜெட் காற்று வரும். அதுவும் நமக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

மீதிப் பாதி தில்லி. இங்கே நான்கு ஓடுதளம் இருந்தும் காலையும் மாலையும் கூட்டம். தெற்கிலிருந்து வருகிற விமானம், காற்று மேற்கேயிருந்து அடித்தால், கிழக்குப் பக்கம் போய்ச் சுற்றித் திரும்பி, வசந்த் குஞ்ச் வீடுகளுக்கு மேலே தாழ்ந்து இறங்க வேண்டும். அந்த வரிசையில் நின்று வருவதற்குத்தான் நேரம் ஆகிறது.

முன்னெல்லாம் ரெண்டரை மணி நேரம்தானே போட்டிருந்தான்? இப்ப வர்ற விமானம்லாம் ஸ்லோவா?

விமானத்தின் வேகம் குறையவில்லை. டிக்கெட்டில் எழுதும் நேரத்தில் பஞ்சு வைத்துத் தைக்கிறார்கள். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்று கணக்கு. எந்த நிறுவனம் எத்தனை சதவீதம் நேரத்துக்கு ஓட்டியது என்று மாதா மாதம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பட்டியல் போடுகிறது. பட்டியலில் மேலே வர ஆசைப்படுகிறவர் அட்டவணையில் பத்து நிமிடம் கூட்டி எழுதுவார். யாரும் தப்பு சொல்ல முடியாது.

நியாயமான காரணமும் உண்டு. விமானங்கள் பெருகிவிட்டன, ஓடுதளத்துக்கு முன் வரிசை நீண்டுவிட்டது, தரையில் உருளும் தூரமும் அதிகம். எரிபொருள் மிச்சம் பிடிக்க வேகத்தைக் கொஞ்சம் தளர்த்துவதும் நடக்கிறது. எனக்குக் கேட்டால், 2:35 என்று எழுதிவிட்டு 2:50-க்கு வருவதைவிட, 2:50 என்று எழுதி 2:45-க்கு வருவது தேவலை. கூட்டிக்கொண்டு போக வருகிறவர் வெயிலில் நிற்கமாட்டார்.

இருபது நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்னு சொன்னா, அப்புறம் அரை மணி நேரம் உள்ளேயே உட்கார வெச்சா. ஏன்?

நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொரு விமானம் நின்றிருக்கும். அது அதன் நேரத்துக்குத்தான் கிளம்பும். சீக்கிரம் வருவது எல்லாருக்கும் சௌகரியம் என்று நினைக்காதீர்கள்.

டெர்மினல் 1-லேர்ந்து போனா ஒரு நேரம், 3-லேர்ந்து போனா ஒரு நேரமா?

பறக்கும் நேரம் ஒன்றே. உருளும் நேரம் மாறும். எந்த டெர்மினலில் நிற்கிறது, எந்த ஓடுதளம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பத்து நிமிடமும் ஆகும், இருபத்தைந்து நிமிடமும் ஆகும். 2023 ஜூலையில் நான்காவது ஓடுதளமும், சாலைக்கு மேலே பாலமாகப் போகும் விமானப் பாதையும் திறந்தார்கள். கீழே கார், மேலே விமானம். டெர்மினல் 3-க்கும் வடக்குப் பக்க ஓடுதளத்துக்கும் இடையே சுற்றிப் போன விமானங்கள் இப்போது குறுக்கே போகின்றன.

உங்களுக்கு நேரம் போவது வேறு இடத்தில். டெர்மினல் 1-ம் 3-ம் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் இல்லை. சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர். தப்பான டெர்மினலில் இறங்கினால் தொலைந்தது. மெட்ரோவும் வேறு வேறு: டெர்மினல் 3-க்கு ஆரஞ்சு நிற ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், டெர்மினல் 1-க்கு மெஜந்தா லைன். ராமகிருஷ்ணபுரம், முனிர்க்கா ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். ராமகிருஷ்ணபுரத்தில் ஏறினால் முனிர்க்கா, வசந்த் விஹார், சங்கர் விஹார், அடுத்தது டெர்மினல் 1. டாக்சிக்காரர் பூட்டைத் திறப்பதற்குள் போய்விடலாம். எந்த டெர்மினல் என்பதைக் கிளம்பும் நாள் காலையிலும் ஒருமுறை டிக்கெட்டில் பாருங்கள், மாற்றுகிறார்கள்.

அதெல்லாம் சரி. மயூர் விஹார்லேர்ந்து தாம்பரம் வீடு வரைக்கும் மொத்தம் எவ்வளவு நேரம்னு சொல்லுங்கோ.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கடைசியில்தான் கேட்கிறார்கள். காலை 10 மணி விமானம், டெர்மினல் 3 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 6:45-க்குக் கிளம்பினால், சாலை நெரிசலோடு 8 மணிக்கு வாசல். பெட்டி போடும் கவுன்ட்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பும், ஏறும் கதவு 25 நிமிடம் முன்பும் மூடும். அதனால் 8 மணிக்கு வருவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. டிஜியாத்ரா (முகத்தைக் காட்டியே உள்ளே போக உதவும் செயலி) வைத்திருப்பவர்களுக்கு வாசலில் கொஞ்சம் வேகம். சோதனை வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான். அப்புறம் டெர்மினல் 3-இன் கம்பளத்தில் நடக்க ஆரம்பித்தால், கடைசி கேட் வர ஒரு யுகம்.

10 மணிக்கு நகர்ந்து 12:50-க்கு மீனம்பாக்கம். பெட்டி வர 1:20. வெளியே வந்து எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்தால் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். பதினைந்து நிமிடம். ஆட்டோ பேரம் எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் 2:15. மொத்தம் ஏழரை மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது 2:20. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ரயிலில் இதே பயணம் ரயிலுக்குள் மட்டும் சுமார் 33 மணி நேரம். இருந்தாலும் இரண்டு பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி, ஒரு அரிசி மூட்டையோடு போகிறவர்களுக்கு நான் ரயிலையே சொல்வேன். மயூர் விஹாரில் இருப்பவர்கள் ஹிண்டன் விமான நிலையத்தையும் பார்க்கலாம். காசியாபாத் பக்கம். 2025-இல் அங்கிருந்தும் சென்னைக்கு விமானம் விட ஆரம்பித்தார்கள். உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தூரம் பத்து கிலோமீட்டர்தான் கூட. பாலம் வரை நகரைக் குறுக்கே கடக்க வேண்டாம் என்பது லாபம்.

ஹைதராபாத் வழியாப் போனா கட்டணம் கம்மியா இருக்கு. ரொம்பச் சுத்தா?

சுற்றே இல்லை. தில்லி–ஹைதராபாத் சுமார் 1,270 கி.மீ., ஹைதராபாத்–சென்னை சுமார் 510. கூட்டினால் 1,780. நேராகப் போவதைவிட இருபது கிலோமீட்டர்கூட அதிகமில்லை, ஹைதராபாத் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. பெங்களூரு வழி என்றால் 1,980, மும்பை வழி என்றால் 2,170.

ஆனால் நேரம் தூரத்தைக் கேட்டு நடப்பதில்லை. மேலே சொன்ன உருளல், ஏற்றம், இறக்கம், வரிசை எல்லாம் இரண்டு தடவை. இடையில் காத்திருப்பு. ஹைதராபாத் வழியாகப் போனாலும் குறைந்தது ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டாம்; முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திராது, காசும் திரும்பாது. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும்.

'டைரக்ட்'னு பார்த்துத்தான் எடுத்தேன். நடுவுல ஒரு ஊர்ல இறங்கி, ஆள் ஏத்திண்டு போறான்!

டைரக்ட் என்றால் விமானம் மாற வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். நிற்காமல் போக வேண்டுமானால் 'நான்ஸ்டாப்' என்று பார்க்க வேண்டும். பயண நேரம் நான்கு மணிக்கு மேல் இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

நாங்க சென்னை இல்லை. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், தூத்துக்குடிக்கு எவ்வளவு?

தில்லியிலிருந்து கோவை சுமார் 1,950 கி.மீ., திருச்சி 1,985, மதுரை 2,085, தூத்துக்குடி 2,210. நிற்காத விமானம் கிடைத்தால் கோவை, மதுரைக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். கிடைக்கவில்லையென்றால் சென்னையோ பெங்களூருவோ வழியாக.

கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்கள் எப்போதும் குழம்புவார்கள். திருச்சிக்குக் காத்திருந்து மாறிப் போவதா, சென்னையில் இறங்கி ராத்திரி ரயில் பிடிப்பதா? சென்னைக்குச் சாயங்காலம் போய்ச் சேருகிற விமானமாக இருந்தால் ரயில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். காலை விமானம் என்றால் திருச்சி.

ஒரு உபரித் தகவல்: தில்லிக்குச் சென்னையைவிட பெங்களூரு ஐம்பது கிலோமீட்டர் கிட்டே. 1,710 கி.மீ. பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதும் ஒரு காரணம்.

தூரம் ஜாஸ்தியானா கட்டணம் ஜாஸ்தியாகணும். சில நாள் மதுரையைவிட சென்னை டிக்கெட் விலை கூட இருக்கே?

தூரம் எரிபொருளைத் தீர்மானிக்கும், விலையைத் தீர்மானிப்பது கூட்டம். பொங்கலுக்கு முந்தின வாரம் சென்னைக்கு எல்லாரும் போகிறார்கள் என்றால் விலை ஏறும். ஒரு காலத்தில் நேரத்தை வைத்து அரசே எல்லை கட்டியதும் உண்டு: கொரோனாவுக்குப் பிறகு 2020 மே மாதம் விமானங்கள் திரும்ப ஓட ஆரம்பித்தபோது, பயண நேரத்தைப் பார்த்து ஏழு பிரிவாகப் பிரித்துக் குறைந்தபட்சம், அதிகபட்சம் வைத்தார்கள். 2022 ஆகஸ்ட் 31-இலிருந்து அது எடுக்கப்பட்டது.

டிசம்பர், ஜனவரியில பனிமூட்டம்னு சொல்றாங்களே. அந்த நாள்ல எவ்வளவு நேரம் கூட வைக்கணும்?

எத்தனை மணி நேரம் என்று சொல்ல முடியாது. எந்த வேளை என்று சொல்லலாம். நள்ளிரவுக்குப் பின் கட்டி, விடியற்காலையில் உச்சத்துக்குப் போய், பத்துப் பதினொரு மணிக்குக் கலையும். மதியம் 1 மணியிலிருந்து சாயங்காலம் 5 மணிக்குள் கிளம்பும் விமானம் எடுத்தால் பாதிக் கவலை போச்சு. விடியற்காலை விமானம் விலை குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள்.

தில்லி ஓடுதளங்களில் கேட்-3பி (CAT III-B) என்ற, பனியிலும் இறங்க உதவும் கருவி வசதி இருக்கிறது. ஓடுதளத்தில் 50 மீட்டர் வரை தெரிந்தாலே இறங்கலாம். ஆனால் விமானத்திலும் அந்தக் கருவி இருக்க வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி இருக்க வேண்டும். கிளம்புவதற்கு வேறு கணக்கு, 125 மீட்டர் தெரிய வேண்டும். அதனால்தான் எதிரே ஒரு விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நாம் கிளம்பாமல் உட்கார்ந்திருப்போம். ஒரு ஜனவரியில் 7:05-க்குக் கதவை மூடி, 10:40 வரை நின்ற இடத்திலேயே இருந்தோம். ஜன்னலில் இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. ஒன்பதரைக்கு எனக்கு முன் வரிசையில் ஒரு மாமி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். வாசனை பன்னிரண்டாவது வரிசை வரை போனது. முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டோம். பனிக்காலத்தில் கைப்பையில் சாப்பாடு வையுங்கள் என்பது என் கண்டிப்பான அறிவுரை.

பனி இல்லாத நாள்லயும் ஜனவரி கடைசியில முற்பகல் விமானம் நேரம் மாறறதே?

குடியரசு தின அணிவகுப்புக்கும் அதன் ஒத்திகைக்கும், ஜனவரி 26-ஐ ஒட்டிச் சில நாட்கள் முற்பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தில்லி வானத்தை மூடிவிடுகிறார்கள். பொங்கல் முடிந்து திரும்புகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அந்த வாரம் மதியத்துக்கு மேல் வந்து இறங்குங்கள்.

பாகிஸ்தான் மேலே பறக்கக் கூடாதுன்னு ஆயிடுத்தே, அதனால சென்னைக்கும் லேட்டாகுமா?

ஆகாது. 2025 ஏப்ரலில் வான்வழி மூடியதில் சுற்றுவது ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள். நாம் தெற்கே போகிறோம்.

சென்னையில மழைன்னா?

சாதாரண மழைக்கு ஒன்றும் ஆகாது. இடி மேகம் ஓடுதளத்தின் மேலே நின்றால் விமானம் ஆகாயத்திலேயே வட்டமடிக்கும். எரிபொருள் அளவு பார்த்து பெங்களூருவுக்கோ ஹைதராபாத்துக்கோ போய் நிற்கும். புயல், வெள்ளம் என்றால் நிலையமே மூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சில நாட்கள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போய்ச் சேராமல், இரண்டு நாள் முன்னால் போவது நல்லது.

ரெண்டு மணி நேரம் லேட். சாப்பாடு கேட்டேன், தர முடியாதுன்னுட்டான். ரூல் இருக்குன்னு படிச்சேனே?

ரூல் இருக்கிறது. நீங்கள் படித்தது பாதி. விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி, எவ்வளவு தாமதத்துக்குச் சாப்பாடு என்பது பயணத்தின் பிளாக் நேரத்தைப் பொறுத்தது. இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே பிளாக் நேரம். இரண்டரை மணி வரை உள்ள பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதம் போதும். இரண்டரைக்கு மேல் ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரம் தாமதமாக வேண்டும். தில்லி–சென்னை 2:50. ஆகவே மூன்று மணி நேரம். தில்லி–மும்பை போகிற உங்கள் மைத்துனருக்கு இரண்டே மணியில் சாண்ட்விச் கிடைத்திருக்கும், வயிற்றெரிச்சல் நியாயம்தான். முன்பு சொன்ன அந்தப் பஞ்சு நிமிடங்கள் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கின்றன.

தாமதம் 6 மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணிக்கு மேற்பட்ட பிளாக் நேரத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. பனி, புயல், வான்வழிக் கட்டுப்பாடு மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இந்த இழப்பீடு கிடையாது. விதியைத் திருத்துவார்கள், பயணத்துக்கு முன் இயக்குநரகத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

அம்மா முதல் தடவையா தனியா சென்னையிலேர்ந்து வர்றா. ஏர்போர்ட்டுக்கு நான் எத்தனை மணிக்கு வந்து நிக்கணும்?

டிக்கெட் நேரத்தைப் பார்க்காதீர்கள். விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். குவாலியர் பக்கம் வந்தால் இறங்க இன்னும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அப்புறம் உருள்வதற்குப் பதினைந்து நிமிடம், அம்மா நடந்து வந்து பெட்டி எடுக்க அரை மணி நேரம். அம்மா சக்கர நாற்காலி கேட்டிருந்தால் இன்னும் பத்து நிமிடம், எல்லாரும் இறங்கிய பிறகுதான் கூட்டி வருவார்கள்.

முனிர்க்காவிலிருந்து டெர்மினல் 3-க்கு அரை மணி நேரம். நான் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் குவாலியரைத் தாண்டுகிற வரை வீட்டிலேயே காபி குடித்துக்கொண்டிருப்பேன். தாண்டியதும் டம்ளரைக் கழுவி வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு சால்வையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.